ஞாயிறு காலை வராதீர்கள், வெள்ளிக்கிழமை வாருங்கள்

நம் மிஷன் கமிட்டியில் இருக்கும் ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கை பட்டாணியிலிருந்து அன்பின் ஸ்தோத்திரங்கள்.

போன மாதம் உங்களில் இரண்டு பேர் கோலாலம்பூரிலிருந்து நாலு மணி நேரம் காடி ஓட்டி வந்து, ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் கடைவீட்டு மாடிப்படி ஏறி, கதவில் பூட்டு தொங்குவதைப் பார்த்து, அதை ஒரு படம் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனீர்கள். அந்தப் படம் அறிக்கையில் இருக்கிறதாம், கீழே "ஞாயிறு ஆராதனை நடைபெறவில்லை" என்று எழுதியிருக்கிறதாம். நீங்கள் வந்த விஷயமே எனக்குச் சாயங்காலம்தான் தெரியும், அதுவும் கீழே மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் சொல்லி. "பாஸ்டர், உங்க ஆளுங்க ரெண்டு பேர் வந்தாங்க, பசியாறிட்டுப் போங்கன்னு சொன்னேன், நேரமில்லைன்னுட்டாங்க" என்றார். எனக்கு ஒரு போன் செய்திருந்தால் ஓடி வந்திருப்பேன். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஒரு பாட்டியைச் சர்க்கரை பார்ப்பதற்காக அரசாங்கக் கிளினிக்குக்கு அழைத்துப் போய், நம்பர் எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்து பத்து நிமிஷம்தான்.

இதைத் தனிக் கடிதமாக அனுப்பாமல் எல்லாரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. என்னைப் போலவே கடைவீட்டு மாடியிலும் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி ஓரத்திலும் சபை நாட்டிக்கொண்டிருக்கிற ஏழெட்டுக் குடும்பங்களை எனக்குத் தெரியும். சபைப் பெயர் வேறு, கமிட்டி வேறு, ஆனால் எல்லார் வீட்டிலும் மாதக் கடைசியில் கமிட்டிக்கு அனுப்புகிற இதே அறிக்கைப் படிவம்தான், இதே பயம்தான்.

முதலில் பூட்டு விஷயம். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கிளந்தானிலும் திரங்கானுவிலும் அப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை இங்கே பள்ளிக்கூடம் உண்டு, அரசாங்க அலுவலகம் உண்டு, கிளினிக் உண்டு. ஞாயிறு காலை ஏழரைக்கெல்லாம் என் மகள் இரண்டாம் ஆண்டு வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஞாயிறு காலை ஆராதனை வைத்தால் பிள்ளைகள் ஒருவர்கூட வர முடியாது, பிள்ளைகள் இல்லாவிட்டால் அம்மாக்களும் வர மாட்டார்கள். அதனால் நாங்கள் வெள்ளி காலை ஒன்பது மணிக்கு ஓர் ஆராதனை வைக்கிறோம், ஞாயிறு இரவு எட்டு மணிக்கு இன்னொன்று. புதன்கிழமை ஏதாவது ஒரு வீட்டில் ஜெபக்கூட்டம். இதை முதல் வருஷமே எழுதி அனுப்பினேன். படிவத்தில் "ஞாயிறு வருகை" என்று ஒரே ஒரு கட்டம்தான் இருக்கிறது, வெள்ளிக்கு இடமில்லை, ஆகவே வெள்ளி என்ற நாளே இல்லாமல் போனது.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் பெரிய வெள்ளிக்கு நீங்கள் லீவு எடுத்துத்தான் ஆராதனைக்குப் போக வேண்டும், சபா, சரவாக்கில் மட்டும்தான் அது பொதுவிடுமுறை. எங்களுக்குப் பெரிய வெள்ளி எப்போதும் விடுமுறை நாளில்தான் வரும். சிலுவையின் ஏழு வார்த்தைகளையும் நிதானமாக, பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு, மூன்று மணி நேரம் உட்கார்ந்து தியானிக்கிற சபை இது. ஆனால் ஈஸ்டர் அன்று காலை அதே பிள்ளைகள் பள்ளிச் சீருடையில் பேருந்துக்கு நிற்பார்கள். அதனால் உயிர்த்தெழுதலை விடியற்காலை ஐந்து மணிக்குக் கொண்டாடிவிட்டு, மாடியிலேயே பிள்ளைகளுக்குச் சீருடை மாட்டி அனுப்புகிறோம். இந்த வருஷம் அந்த விடியலில் முப்பத்தெட்டுப் பேர் இருந்தார்கள். அதையும் எழுத இடமில்லை.

எங்கள் சபையில் ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். அப்பாவுக்குப் பிறை என்கிற ஊரில் வேலை. மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கு மாநிலம், அங்கே சனி ஞாயிறு விடுமுறை. ஆனால் சனிக்கிழமை ஓ.டி. என்கிற கூடுதல் நேர வேலை செய்தால்தான் அவரால் காடிக் கடன் கட்ட முடியும், ஆகவே அவருக்கு ஞாயிறு ஒன்றுதான். அம்மாவுக்கு இங்கே பாக்கார் ஆராங் தொழிற்பேட்டையில் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட், நாலு நாள் வேலை, இரண்டு நாள் ஓய்வு, ஓய்வு நாள் வாரா வாரம் நகர்ந்துகொண்டே போகும், பகல் ஷிஃப்ட்டும் இரவு ஷிஃப்ட்டும் மாறும். பிள்ளைகள் மூன்று பேருக்கும் வெள்ளி சனி. சரி, இந்த ஐந்து பேரும் ஒன்றாக உட்கார்ந்து சோறு சாப்பிட வாரத்தில் எந்த நாள்? பள்ளி விடுமுறை வந்தாலொழிய கிடையாது. இது ஒரு வீட்டுக் கதை இல்லை, எங்கள் பிளாட்டில் பாதிக் கதவுகளுக்குப் பின்னால் இதுதான். அந்த அம்மா ஒரு வாரம் வெள்ளிக்கு வருவார், ஒரு வாரம் ஞாயிறு இரவுக்கு வருவார், ஒரு வாரம் எதற்கும் வர முடியாமல் அதிகாலை ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில் என் வீட்டு கேட்டில் நின்று, "பாஸ்டர், நின்னுக்கிட்டே ஒரு ஜெபம் பண்ணுங்க, தூக்கம் வருது" என்பார்.

ஞாயிறு இரவு எங்கள் கூட்டம் இருபதுக்கு முன்னே பின்னே இருக்கும், அது உண்மை. ஆனால் என் நோட்டில் ஒரு மாதத்தில் வந்துபோன பெயர்களை எழுதி வைக்கிறேன், போன மாதம் அறுபத்து நாலு. இவர்கள் பார்வையாளர்கள் இல்லை. வர முடிந்த நாளில் வருகிறவர்கள். நீங்கள் இருபது என்று எழுதி வைத்திருக்கிற சபை இது.

இப்போது பெரிய விஷயத்துக்கு வருகிறேன். மூன்று வருஷத்துக்குள் ஆள் சேராவிட்டால் ஊழியரை மாற்றலாம் என்கிற விதி.

நாங்கள் இங்கே வந்த இரண்டாவது வாரம், பிளாட்டின் கீழ்மாடியில் இருக்கிற அந்தப் பாட்டி வீட்டுக்குப் போனேன், மேலே கிளினிக் என்று சொன்னேனே, அவர்தான். எண்பதை நெருங்குகிற வயது. பீடோங் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து, அங்கேயே ரப்பர் மரத்தில் பால் வெட்டி, அங்கேயே கல்யாணமாகி, அங்கேயே புருஷனைப் புதைத்தவர். காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு முதல் கேள்வி கேட்டார்: "தம்பி எத்தனை வருஷத்துக்கு வந்திருக்கீங்க?" ஏன் வந்தீர்கள் என்று கேட்கவில்லை. எந்தச் சபை என்று கேட்கவில்லை. நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பல மாதம் கழித்து அவர் கதையை முழுசாகக் கேட்ட பிறகுதான் அந்தக் கேள்வியின் கனம் புரிந்தது. அவர் வாழ்க்கைக்குள் வந்தவர்கள் எல்லாருமே ஒரு கணக்கோடு வந்தவர்கள். துரைமார் வந்தார்கள், மாற்றலாகிப் போனார்கள். தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர் வந்தார், போனார். வாத்தியார் வந்தார், டவுன் பள்ளிக்கு மாற்றல் கிடைத்ததும் போனார். உபதேசியார் ஒருவர் மாதம் ஒரு தடவை சைக்கிளில் வந்து, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் ஜெபம் நடத்துவாராம். ஒரு மழைக்காலத்தில் வராமல் நின்றவர் அப்புறம் வரவேயில்லையாம், ஏன் என்று இவர்களுக்கு யாரும் சொல்லவும் இல்லையாம். இத்தனை வருஷம் கழித்தும் அதைச் சொல்லும்போது பாட்டி குரல் இறங்குகிறது.

அப்புறம் தோட்டமே போனது. 1938-இல் இந்திய அரசாங்கம் தோட்ட வேலைக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியதோடு அந்தப் பக்கத்துக் கதவு மூடிவிட்டது, இங்கே இருந்தவர்களுக்கு இதுதான் ஊர் என்றானது. ஆனால் ஊர் அவர்களுடையதாக இல்லை. தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது, வேலை முடிந்தால் வீடும் முடிந்தது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்க ஆரம்பித்தபோதுதான் அன்றைய இந்தியர் தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார், தொழிலாளிகளே பணம் போட்டுத் தோட்டத்தை வாங்கலாம் என்று. பாட்டியின் அப்பா அதற்குச் சிறுகச் சிறுகப் பணம் கட்டியவர், அந்தச் சீட்டு இன்னும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் இருக்கிறது. ஆனால் இவர்கள் இருந்த தோட்டம் வேறு கைக்குப் போனது. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிற்பாடு செம்பனையையும் வெட்டித் தாமான் கட்டினார்கள். லயத்து வீடுகள், கோயில், எங்கள் ஆட்கள் ஜெபம் பண்ணிய கொட்டகை, ஒன்றுமில்லை. தாமானுக்கு நடுவில் இருக்கிற சில தமிழ்ப்பள்ளிகள் மட்டும் இன்னும் பெயரில் "லாடாங்", அதாவது மலாயில் தோட்டம், என்று வைத்துக்கொண்டிருக்கின்றன, தோட்டம் இருந்ததற்கு அதுதான் சாட்சி.

இப்படி ஒரு தடவை வேரோடு பிடுங்கி வைக்கப்பட்ட ஜனங்களிடம் என்னை அனுப்பியிருக்கிறீர்கள். அனுப்பும்போது கையெழுத்து வாங்கிய தாளில் என்ன இருக்கிறது? முதல் வருஷம் முழு உதவி, இரண்டாம் வருஷம் முக்கால், மூன்றாம் வருஷம் பாதி, மூன்றாம் வருஷக் கடைசியில் ஞாயிறு வருகை ஐம்பது இல்லாவிட்டால் "ஊழியரை வேறு இடத்துக்கு மாற்றுவது பரிசீலிக்கப்படும்". அதாவது நானும் சைக்கிளில் வந்த உபதேசியார்தான், கொஞ்சம் பெரிய சைக்கிள். அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவன் நான்தான், அதை மறைக்கவில்லை. அன்றைக்கு எனக்கு இந்த ஜனங்களைத் தெரியாது.

உங்களில் ஒரு ஐயா, பவுல் எபேசுவிலேயே மூன்று வருஷம்தானே இருந்தார் என்று என்னிடம் சொன்னார். உண்மைதான் ஐயா, கொரிந்துவில் அதிலும் பாதி. ஆனால் பவுலோடு பள்ளிக்கூடம் போகிற பிள்ளை யாரும் இல்லை. அதைவிட முக்கியம், அவர் எபேசுவுக்குத் திரும்பி வருவதற்கு முன்பே ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் அங்கே குடியிருந்தார்கள், கூடாரம் தைத்து விற்றுக்கொண்டு, வீட்டைச் சபைக்குத் திறந்துவிட்டுக்கொண்டு. பவுல் நடந்துகொண்டே இருக்க முடிந்தது, ஏனென்றால் ஒரு புருஷனும் மனைவியும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள். எங்களை ஆக்கில்லா குடும்பமாக இருக்க விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். பத்து வருஷம் கொடுங்கள். முழு உதவியோடு பத்து வருஷம் என்று கேட்கவில்லை, உதவி குறையட்டும், நானும் ஒரு பகுதி நேர வேலை பார்க்கிறேன், அதற்கு இப்போது இருக்கிற தடையை மட்டும் எடுத்துவிடுங்கள். ஆனால் மாற்றிவிடுவோம் என்கிற அந்த வரியை எடுத்துவிடுங்கள். பாட்டி அடுத்த தடவை கேட்டால் நான் சமாளிக்காமல் பதில் சொல்ல வேண்டும்.

குடும்பத்தைப் பற்றி எழுத எனக்குத் தயக்கம்தான், ஆனால் இதை எழுதாமல் விட்டால் மேலே எழுதியது எல்லாம் பாதி.

என் மனைவி கோலாலம்பூரில் நல்ல வேலையில் இருந்தாள். நேர்காணலில் நீங்கள் என்னிடம் கேட்டீர்கள், "மனைவி ஒத்துழைப்பார்தானே?" அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. இன்று காலையில் பாலர் பள்ளியில் அரை நாள் வேலை, மத்தியானம் எங்கள் இரண்டு பிள்ளைகள், சாயங்காலம் பிளாட் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வீட்டுப்பாடம், வெள்ளிக்கிழமை சிறுவர் வகுப்பு, ஆராதனை முடிந்ததும் எல்லாருக்கும் மீ கோரெங், இதில் எதற்கும் படிவத்தில் பெயர் இல்லை. "பாஸ்டரம்மா" என்று மரியாதையாகக் கூப்பிடுகிறார்கள், அதில் அவளுக்குச் சந்தோஷம்தான். ஆனால் அவள் அழுகிற ஒரே இடம் குளியலறை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் ஹால் எப்போதும் யாருடையதாவது.

எங்கள் வீடு மூன்றாவது மாடி, ஹாலில் பாதி சபை சாமான். புதன்கிழமை எங்கள் வீட்டு முறை வந்தால் மகள் யாரும் சொல்லாமலே தன் பள்ளிப் பையையும் வண்ணப் பென்சில் பெட்டியையும் எடுத்துப் போய்ச் சமையலறையில் வாளிக்குப் பக்கத்தில் வைத்துவிடுவாள். ஏழரை வயசுக்கு அவள் கற்றுக்கொண்ட ஒழுங்கு அது. சின்னவன், நாலு வயசு, யார் மடி காலியாக இருக்கிறதோ அங்கே தூங்குவான். ஒரு ராத்திரி ஒரு மணிக்குப் போன் வரும், வட்டிக்காரன் ஆள் அனுப்பிக் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டான் என்று ஒரு வீட்டுப் பையன் நடுங்குவான். நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவேன். என்னால் போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. ஆனால் நான் திரும்பி வரும்வரை இரண்டு பிள்ளைகளோடு கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவள் அவள். அந்த ஊழியத்தில் பாதி அவளுடையது.

வெள்ளி ஆராதனை, ஞாயிறு ஆராதனை, நடுவில் இருக்கிற சனிக்கிழமை ஒன்றுதான் நாங்கள் நாலு பேரும் ஒன்றாக இருக்கிற நாள். ஜெராய் மலை அடிவாரத்துக்குப் போவோம், ஓடையில் கால் நனைப்போம், ரொட்டி சானாய் வாங்கிச் சாப்பிடுவோம், அவ்வளவுதான், ஆனால் பிள்ளைகள் வாரம் முழுக்க அதைப் பற்றியே பேசுவார்கள். உங்கள் பயிற்சி வகுப்புகள், ஆய்வுக் கூட்டங்கள், சூம் கூட்டங்கள் எல்லாம் சனிக்கிழமை. உங்களுக்கு அது வசதியான நாள் என்பது புரிகிறது, வேறு நாளில் எல்லாருக்கும் வேலை. இந்த வருஷம் இதுவரை ஒன்பது சனிக்கிழமைகள் போயிருக்கின்றன, மகள் காலண்டரில் குறித்து வைத்திருக்கிறாள். தயவுசெய்து மாதத்தில் ஒன்றுக்கு மேல் எடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றி ஒரே விஷயம். நீங்கள் அனுப்புவது குறைவு என்று நான் சண்டை போட வரவில்லை. பிப்ரவரி 2025-லிருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட், முதல் வருஷம் நீங்கள் தந்தது அதைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் அதைச் சம்பளம் என்று எழுதாமல் "அன்புக் காணிக்கை" என்று எழுதுகிறீர்கள். சம்பளமாக இருந்தால், ஐயாயிரம் வரைக்கும் முதலாளி 13 விழுக்காடு ஈ.பி.எஃப். என்கிற சேமநிதிக்குக் கட்ட வேண்டும், என் பங்கு 11 விழுக்காடு பிடித்துக்கொள்ளலாம், விபத்துக்குக் காப்புறுதி தரும் சொக்சோவும் உண்டு. அன்புக் காணிக்கைக்கு ஒன்றும் இல்லை. ராத்திரி மோட்டாரில் போகிறவன் விழுந்தால் என்ன ஆகும் என்று என் மனைவி ஒரு தடவைதான் கேட்டாள், நான் பதில் சொல்லவில்லை. முதலாளி இல்லாதவர்கள் தாங்களே சேமநிதியில் போடுகிற ஐ-சாரான் திட்டத்தில் நானே மாதம் நூறு ரிங்கிட் போடுகிறேன், சேமிப்புக்கு அரசாங்கம் தன் பங்காக ஏதோ சேர்க்கிறது. சம்பளம் என்ற சொல்லைப் போடுங்கள். அன்பு எங்கேயும் போய்விடாது.

படிவத்தில் "புதிதாகத் தொடர்பு கொண்ட கிறிஸ்தவர் அல்லாதோர்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதை நான் எப்போதும் காலியாக விடுகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். எதிர்வீட்டு அக்கா வீட்டு வாசலில் முருகன் படம். நாங்கள் வெள்ளிக்கிழமை சாமான்களைத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது சின்னவனைப் பிடித்து வைத்துக்கொள்கிறவர் அவர்தான். அவனுக்கு டெங்கி வந்து ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து நாளும் எங்களுக்குக் கஞ்சி கொண்டுவந்தவரும் அவர்தான். தைப்பூசத்துக்கு அவர் பால்குடம் எடுக்கப் போனால் அவர் வீட்டுச் சாவியும் வயசான மாமியாரும் எங்கள் பொறுப்பு. என் விசுவாசத்தை நான் அவரிடம் மறைத்ததில்லை, கேட்டால் சொல்வேன், கேட்டும் இருக்கிறார். ஆனால் அவர் பெயரை அந்தக் கட்டத்தில் எழுத என் கை வராது. அவர் எங்கள் அக்கா. அந்தக் கட்டம் காலியாகவே வரும், அதற்காக என்னை மன்னித்துக்கொள்ளுங்கள்.

நவம்பரில் மூன்றாம் வருஷ மதிப்பீட்டுக்கு வருவதாகக் கடிதம் வந்திருக்கிறது. வாருங்கள். ஞாயிறு காலை மட்டும் வேண்டாம். வியாழன் இரவே ரயிலில் வந்துவிடுங்கள், ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன். ஹாலில் பாய் போட்டால் மூன்று பேர் தாராளமாகப் படுக்கலாம். வெள்ளி ஒன்பது மணி ஆராதனைக்கு முன்னால் பசியாறல் எங்கள் வீட்டில். என் மனைவியிடம் அன்றைக்குக் கேட்காமல் விட்ட கேள்விகளை அப்போது கேளுங்கள், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் அவள் பேசுவாள். ஆராதனை முடிந்ததும் கீழ்மாடிப் பாட்டி வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன். காப்பி கலக்கிக் கொடுத்துவிட்டு உங்களிடமும் கேட்பார், எத்தனை வருஷத்துக்கு வந்திருக்கிறீர்கள் என்று. என்ன பதில் சொல்வது என்று வருகிற வழியில் பேசி முடிவு செய்துகொண்டு வாருங்கள்.

இப்படிக்கு,
சுங்கை பட்டாணி கடைவீட்டு மாடிச் சபையின் ஊழியனும் குடும்பமும்